மேடைக்கு முன்னால் சோபா எதற்கு? ராக் விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் வார இறுதி ராக் விழாக்களை நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். நான் ஜெனரல் அட்மிஷன், அதாவது இருக்கை இல்லாமல் நின்று பார்க்கிற சாதாரண டிக்கெட்காரன். நீங்கள் சுருக்கமாக ஜிஏ என்கிறீர்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடித்து பெங்களூருக்கோ மும்பைக்கோ புனேவுக்கோ வந்து, இரண்டு நாள் வெயிலிலும் தூசியிலும் நின்றுவிட்டு, திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ரகம். உங்கள் விழாக்கள் எனக்குப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன், வீட்டிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடப்பேன்.

குறை சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. வாசலில் மணிக்கட்டில் மாட்டிவிடுகிற கைப்பட்டையில் ஏற்றிய பணத்தில் மிச்சம் திரும்பி வராதது, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை நடக்க விடும் தூரம், எல்லாம் உண்டு. அவற்றை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். மேடைக்கு நேர் முன்னால் வேலி கட்டி, அதற்கு ஃபேன் பிட் என்றோ விஐபி என்றோ லவுஞ்ச் என்றோ ஒரு பெயர் வைத்து, ஜிஏவைப் போல் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறீர்களே, அந்த இடத்தை விற்காதீர்கள்.

எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்தால் தவறில்லை, கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, சமீபத்தில் நான் போன ஒரு விழாவில் கடைசி பேண்ட் மேடை ஏறும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பாதி இடம் காலி. இருந்தவர்களில் பலர் மேடைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் உயர மேசைகளைச் சுற்றி நின்று தட்டில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், மதியம் கதவு திறந்ததிலிருந்து இடத்தை விட்டு நகராமல், ஒவ்வொரு பாட்டின் டிரம்ஸ் ஃபில்லையும் மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளைகள் நெஞ்சு நசுங்க நின்றுகொண்டிருந்தார்கள். பாடகர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். நாங்கள் கத்தினோம். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த அந்தப் பாதிக் காலி மைதானம் திரும்பிப் பார்த்து, யார் இப்படிக் கத்துவது என்பது போல முழித்தது. பாடகர் அடுத்த பாட்டில் மைக்கை நீட்டவில்லை.

இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். வேலி மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி இருந்தால், டிரம்மர் குச்சியை இறக்கியதைக் கண் பார்த்து 0.2 நொடி கழித்துத்தான் காதுக்குச் சத்தம் வரும். நாங்கள் தட்டுகிற கை மேடைக்குப் போய்ச் சேர இன்னொரு 0.2 நொடி. ஆக, மேடையில் நிற்பவருக்கு எங்கள் கைதட்டல் கிட்டத்தட்ட அரை நொடி பிந்தி, தாளம் தப்பிய சலசலப்பாகத்தான் போய்ச் சேரும். போதாததற்கு மேடை விளக்குகள் முகத்தில் அடிப்பதால் அவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே முன்னால் இருக்கிற சில வரிசைகள்தான். பின்னால் இருபதாயிரம் பேர் வெறியோடு குதித்தாலும் அது இருட்டில் ஒரு அலை மாதிரி. கோடிக்கணக்கில் கொட்டி, கடல் தாண்டி ஒரு பேண்டைக் கூட்டிவந்து, அவர்கள் கண்ணுக்கு முன்னால் யாரை நிறுத்துகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அவர்கள் சுமாராக வாசித்தால் அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

நம் ஊர் டூரிங் டாக்கீஸ் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். திரைக்குப் பக்கத்தில் மணல் தரை, அதுதான் மலிவான டிக்கெட். பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. விசில் தரையில்தான் பிறக்கும், காகிதத் துண்டு தரையிலிருந்துதான் பறக்கும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அதிகக் காசு கொடுத்தது படத்துக்கு மட்டும் இல்லை, அந்தத் தரை டிக்கெட் ஆரவாரத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான். ராக் மைதானத்தின் முன்பகுதி அந்தத் தரை. நீங்கள் அதில் சோபாவைக் கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள்.

சரி, மேடைக்கு முன்னால் வேலியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வேலி வேண்டும், கட்டாயம் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு இந்த இசையின் வரலாற்றில் ரத்தம் இருக்கிறது.

1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. தி ஹூ இசைக்குழுவின் நிகழ்ச்சி. இருக்கை எண் இல்லாத டிக்கெட், முதலில் ஓடுகிறவனுக்கு முதல் இடம். கதவுகள் போதுமான அளவு திறக்கப்படாமல் வாசலிலேயே நெரிந்து 11 பேர் செத்தார்கள். அந்த நகரம் எண் இல்லாத டிக்கெட்டையே தடை செய்தது, தடை நீங்க 2004 ஆனது. 1988 ஆகஸ்ட் 20, இங்கிலாந்தின் டோனிங்டன், மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா. லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த சேற்று மைதானத்தில் கன்ஸ் அன்ட் ரோஸஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு ரசிகர்கள் மிதிபட்டு இறந்தார்கள். அடுத்த வருஷம் விழாவே நடக்கவில்லை. 1990ல் திரும்பி வந்தபோது 72,500 பேருக்கு மேல் அனுமதி கிடையாது என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

அப்புறம் ரோஸ்கில்டே. டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர், 1971லிருந்து அங்கே விழா நடக்கிறது. 2000 ஜூன் 30 ராத்திரி பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஆரஞ்சு என்று பெயர் கொண்ட முக்கிய மேடை முன்னால் பெருங்கூட்டம், தரை மழையில் வழுக்குகிறது. முன்னால் ஆட்கள் விழுவது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பாடகர் எட்டி வெட்டர் பாட்டை நிறுத்தி, எல்லோரும் மூன்று எட்டு பின்னால் வையுங்கள் என்று கெஞ்சினார். ஒன்பது இளைஞர்கள் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு ரோஸ்கில்டே விழாக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. மேடைக்கு முன்னால் வேலி கட்டினார்கள். அந்த அடைப்புக்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். பின்னாலிருந்து வரும் அழுத்தம் முன்னால் நிற்பவர்கள் மேல் இறங்காதபடி, பக்கவாட்டு வழியாக வரிசையில் விட்டு எண்ணி உள்ளே அனுப்புகிற ஏற்பாடு. உங்கள் ஃபேன் பிட்டின் படத்தையும் அதையும் மேலே இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே உள்ளே போகக் காசு கிடையாது. விழா டிக்கெட் இருக்கிற யாரும் போகலாம், முன்கூட்டியே வந்து வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிடித்த பேண்டுக்காக மணிக்கணக்கில் அந்த வரிசையில் உட்கார்ந்து கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, அந்த அடைப்புக்குள் நிற்பவர்கள் எல்லோரும் அங்கே நிற்க ஆசைப்பட்டவர்கள்.

வேலி அவர்களுக்கு உயிரைக் காக்க. நமக்கு விலைப் பட்டியலுக்காக. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பாதுகாப்புக்காகத்தான் சார் பிரிச்சிருக்கோம்" என்று வாசலில் நிற்கிற பவுன்சர் தம்பியைச் சொல்ல வைக்காதீர்கள். அவருக்கே சிரிப்பு வருகிறது.

உண்மையில் உங்கள் வேலி பாதுகாப்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். மேடை முன்னால் போடுகிற முறையான தடுப்பு ஒன்று இருக்கிறது. அடியில் அகலமான உலோகத் தகடு இருக்கும், ரசிகர்கள் அந்தத் தகட்டின் மேல் நிற்பார்கள், அவர்கள் எடையே தடுப்பைப் பிடித்துக்கொள்ளும். தள்ளினால் சுலபத்தில் சாயாது. அதற்குப் பின்னால் படி மாதிரி ஒரு மேடு, அதில் காவலர்கள் நின்றுகொண்டு மயங்குகிறவர்களையும் கூட்டத்தின் கைகளில் தலைக்கு மேல் மிதந்து வருகிறவர்களையும் தூக்கி எடுத்துப் பக்கவாட்டில் அனுப்பிவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். இந்த ஏற்பாடு உங்கள் மேடையடியில் இருக்கிறது. ஆனால் அங்கே நெரிசல் இல்லையே! நெரிசல் இருப்பது 70 மீட்டர் பின்னால், ஜிஏ கூட்டம் முட்டுகிற இரண்டாவது வேலியில். அங்கே பல இடங்களில் நான் பார்த்தது போலீஸ்காரர்கள் ரோட்டில் போடுகிற காலூன்றிய பேரிகேடு, அதையே கயிற்றால் வரிசையாகக் கட்டிவைத்திருப்பார்கள். தூக்கி எடுக்க ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, எல்லோரும் சோபாக்காரர்களின் கைப்பட்டை நிறத்தைச் சரிபார்ப்பதில் மும்முரம். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்பதுதான் நின்று பார்க்கிற வெளி மைதானத்துக்கு இங்கிலாந்தில் வழக்கமாகப் போடுகிற கணக்கு. ஐந்து ஆறு என்று ஏறினால் அங்கே யாரும் தன் காலால் நிற்பதில்லை, கூட்டம்தான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. முன்னால் பாதி மைதானத்தைக் காலியாக விட்டுவிட்டு மிச்சப் பாதியில் அந்த எண்ணிக்கையை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

2021 நவம்பர் 5ல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவர்ல்டு நிகழ்ச்சியில் பத்துப் பேர் மூச்சு முட்டி இறந்தது ஞாபகம் இருக்கும். அது ராப், ராக் இல்லை, ஆனாலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் நின்ற இடம் தடுப்புகளால் மூன்று பக்கமும் அடைபட்ட ஒரு பகுதி. வெளியே போக வழியில்லாத பெட்டி. கூடுதலாகப் போடுகிற ஒவ்வொரு தடுப்பும் யாரோ ஒருவருக்குச் சுவராக முடியலாம் என்பதை வரைபடம் போடுகிறவர் மறக்கக் கூடாது.

நம் ஊரிலும் பாடம் இல்லாமல் இல்லை. 2011 அக்டோபர் 28, குர்கானில் மெட்டாலிகா பேண்ட். இந்தியாவில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சியாக இருந்திருக்க வேண்டியது, பாதுகாப்புக் காரணங்களால் நடக்கவே இல்லை. ஏமாந்த கூட்டம் மேடையை உடைத்தது, ஏற்பாட்டாளர்கள் சிலர் கைதானார்கள். இரண்டு நாள் கழித்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அதே பேண்ட், மழையில் சேறான மைதானம், இன்றைக்கும் போய்வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசினால் கண் மின்னும். சென்னைக்காரர்களுக்கு 2023 செப்டம்பர் 10 போதும். பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி. டிக்கெட்டுகள் தங்கம், வைரம், பிளாட்டினம் என்று பளபளத்தன, கையில் வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் வாசலைத் தாண்ட முடியாமல் குழந்தைகளோடு திரும்பினார்கள். தாளில் அடுக்கடுக்காக வகுப்பு பிரிப்பது சுலபம், மைதானத்தில் அத்தனை வாசலையும் அத்தனை வேலியையும் ஆள் போட்டுக் காப்பது வேறு வேலை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு, டீக்கடையில் இந்தச் சண்டையை ஏற்கெனவே போட்டாயிற்று. முதல் பதில் பணம். வெளிநாட்டு பேண்டுக்கு டாலரில் சம்பளம், விமானத்தில் வருகிற டன் கணக்கான சாமான், 500 ரூபாய்க்கு மேல் டிக்கெட் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி, பாட்டு உரிமம் என்று வாசல் வாசலாக அனுமதி. விஐபி கொடுக்கிற காசில்தான் உன் டிக்கெட் இந்த விலைக்கு வருகிறது தம்பி என்கிறார்கள். நம்புகிறேன். அந்தக் காசை விடச் சொல்லவில்லை. வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். மேடையின் இரண்டு பக்கமும் உயரமாகப் பந்தல் போடுங்கள், நாற்காலி, மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, தனி வாசல், வரிசையில்லாத சாப்பாடு, பக்கத்திலேயே பார்க்கிங், எதை வேண்டுமானாலும் கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு முதுகு வலிக்கிற வயது வந்தால் நானே வாங்குவேன். உயரத்தில் உட்கார்ந்தால் மேடையும் கூட்டமும் சேர்ந்து தெரியும், அது நிஜமாகவே நல்ல காட்சி. சோபாக்காரருக்கு வேண்டியது வசதி. மேடையடிதான் வேண்டும் என்று அவர் அழவில்லை, நீங்களாகத்தான் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அவர் தலையில் வைத்தீர்கள்.

அந்த அடைப்புக்குள் இருப்பவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வந்தவர்கள் என்பதும் ஒரு கேள்வி. விளம்பரதாரரின் விருந்தாளி, அவருடைய மச்சான், அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், ரீல்ஸ் போடுவார் என்று நம்பி அழைக்கப்பட்டவர். இவர்களை அழைப்பது உங்கள் தொழில் கட்டாயம், புரிகிறது. பந்தலில் உட்கார வையுங்கள் என்கிறேன்.

இரண்டாவது பதில் பாதுகாப்பு, அதிலும் பெண்களின் பாதுகாப்பு. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். என் தோழி ஒருத்தி, எங்கள் கும்பலிலேயே அவளளவுக்கு மெட்டல் என்கிற கனத்த ராக் கேட்கிற ஆள் கிடையாது, ஒரு தடவை கூட்டத்தில் எவனோ கை வைத்ததற்குப் பிறகு விஐபி டிக்கெட்தான் எடுக்கிறாள். அங்கே நின்று தனியாகத் தலையை ஆட்டுவது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் யாரும் தொடுவதில்லை என்கிறாள். அவள் தேடுவது சோபாவை இல்லை. தொந்தரவில்லாமல் பாட்டுக் கேட்பதற்கு ஒரு பெண் மூன்று மடங்கு காசு கட்ட வேண்டியிருக்கிறது என்றால் அதை ஒரு வசதி என்று விளம்பரத்தில் போட உங்களுக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். ஜிஏ கூட்டத்துக்குள் பெண் காவலர்களை நடக்க விடுங்கள், புகார் சொல்ல ஓர் இடத்தைத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வையுங்கள், கை வைத்தவனைக் கைப்பட்டையை அறுத்து வெளியே அனுப்புங்கள். ரசிகர்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி ஆடுகிற மாஷ் பிட்டில் அடிபடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அந்தச் சுழலுக்குள் எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. ஒருவன் விழுந்தால் சுற்றியிருக்கிற நாலு பேர் உடனே தூக்கி நிறுத்துவார்கள். கண்ணாடி தொலைந்தால் செல்போன் வெளிச்சத்தில் வட்டம் கட்டித் தேடுவார்கள். ஷூ கழன்றால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து யாருடையது என்று கத்துவார்கள். முரட்டுத்தனமாகத் தெரிகிற இடம்தான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் கற்றுக்கொள்வது முன்வரிசையில் பழையவர்களோடு நின்றுதான். அவர்களை எழுபது மீட்டர் பின்னால் கலைத்துப் போட்டால் அந்தப் பழக்கமும் கலைந்துபோகும்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் ராக் ரசிகன் என்பவன் வசதியானவர்களின் பொழுதுபோக்கில் பிறந்தவன் இல்லை. மும்பையில் 1986ல் இண்டிபெண்டன்ஸ் ராக் விழா ஆரம்பித்தபோது ரங் பவன் திறந்தவெளி அரங்கில் கூடியவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், மேடையில் இருந்தவர்களும் அப்படித்தான். கேசட்டைப் பதிவு பண்ணிப் பதிவு பண்ணிச் சத்தம் தேய்ந்து போகிற வரை கைமாற்றிக் கேட்ட காலம். 2007 மார்ச்சில் இங்கிலாந்து பேண்ட் அயர்ன் மெய்டன் பெங்களூர் வந்தபோது நாட்டின் நாலா மூலையிலிருந்தும் அன்ரிசர்வ்டு பெட்டியில் வந்து இறங்கினார்கள். 2009ல் ஓபெத் நம் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு வந்தார்கள், ஸ்வீடன் நாட்டு பேண்ட் ஒன்று கிண்டிக் காட்டோரம் வாசிக்கிறது, திறந்தவெளி அரங்கம் முழுக்க மெட்டல் ரசிகர்களின் சீருடையான கருப்பு டி-ஷர்ட். இந்தியாவில் கூட்டம் வருமா என்று வெளிநாட்டு மேனேஜர்கள் தயங்கிய காலத்தில், வரும் என்று நிரூபித்துக் காட்டியது இந்தக் கூட்டம்தான். இன்றைக்குப் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் இந்தியாவைச் சுற்றுப்பயணத்தில் சேர்க்கிறார்கள் என்றால், நீங்கள் நல்ல தொகைக்கு டிக்கெட் விற்கிறீர்கள் என்றால், அந்த மார்க்கெட்டை உருவாக்கியவர்கள் இப்போது உங்கள் வேலிக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

பேண்டுகளுக்கு இது தெரியும். அயர்ன் மெய்டன் தங்கள் ரசிகர் மன்றத்தில் குலுக்கல் போட்டு, ஜெயித்தவர்களை மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே விட்டுத் தடுப்பின் அடியில் நிற்க வைக்கிறார்கள். பேர்ல் ஜாமின் ரசிகர் மன்றத்தில் எவ்வளவு காலமாக உறுப்பினரோ பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நல்ல இருக்கை கிடைக்கும், புதுப் பணக்காரர் நேற்றுச் சேர்ந்து சுலபத்தில் முன்னால் போய்விட முடியாது. இவர்களும் வியாபாரம் தெரியாதவர்கள் இல்லை, டி-ஷர்ட் விலையைப் பார்த்தால் தெரியும். இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் யார் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருக்கிறார்கள்.

எனவே என் யோசனை இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உரிமத் தொகை வேண்டாம். மேடை முன்னால் அடைப்பு இருக்கட்டும், சரியான தடுப்போடு, உள்ளே எத்தனை பேர் என்கிற வரம்போடு. அந்த எண்ணிக்கைக்குக் கைப்பட்டை அடியுங்கள், ஒவ்வொரு நாளும் வேறு நிறம், கதவு திறந்ததும் முதலில் வருகிறவர்களுக்குக் கொடுங்கள். மூத்திரத்துக்கும் தண்ணீருக்கும் வெளியே போய்த் திரும்பி வர விடுங்கள், இல்லையென்றால் தண்ணீரே குடிக்காமல் நின்று மயங்கி விழுவார்கள். இதனால் உங்களுக்கு ஒரு உபரி லாபமும் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மொட்டை வெயிலில், இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டிய சட்டத்தால் அவ்வளவு சீக்கிரம் மேடை ஏற்றப்பட்டு, காலி மைதானத்தைப் பார்த்து வாசிக்கிற நம் ஊர் சின்ன பேண்டுகளுக்குக் கூட்டம் கிடைக்கும். கைப்பட்டைக்காகச் சீக்கிரம் வந்தவன் வேறு என்ன செய்வான், கேட்பான், இரண்டாவது பாட்டில் தலையை ஆட்டுவான். அவர்களில் ஒரு பேண்டாவது பத்து வருஷத்தில் உங்கள் போஸ்டரில் பெரிய எழுத்தில் வரும்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு உயரமான தளம் ஒன்று, மேடை தெரிகிற தூரத்தில். முன்னால் எல்லோரும் எழுந்து நிற்கிற இடத்தில் அவர்களைத் தரையில் விட்டுவிட்டு அனுமதி இருக்கிறதே என்று சொல்வது அனுமதி இல்லை. ஐரோப்பாவின் பெரிய விழாக்களில் இது சாதாரண விஷயம்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரத்துப் பழைய விமானப்படைத் தளத்தில் வுட்ஸ்டாக் விழா நடந்தது, கொளுத்துகிற வெயில், கான்கிரீட் தரை, ஒரு பாட்டில் தண்ணீர் நாலு டாலர். கடைசி நாள் அங்கே தீ எரிந்தது. அதற்குத் தண்ணீர் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், நிறையத் தப்புகள் சேர்ந்து நடந்தது. ஆனால் வாசலில் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே காசுக்கு விற்பது கூட்டத்துக்கு ஒரு செய்தி சொல்கிறது, கூட்டம் அந்தச் செய்தியைப் புரிந்துகொள்கிறது. குழாய் வையுங்கள். அதையும் முன் அடைப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒரே வருஷத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. விளம்பரதாரரோடு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள், அடுத்த விழாவுக்கான லவுஞ்ச் ஏற்கெனவே விற்றிருக்கும். குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன்னாலேயே மைதானத்தின் வரைபடத்தை வெளியிடுங்கள், அளவோடு. மேடையிலிருந்து ஜிஏ வேலி எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கட்டும். இப்போது முதலில் வருவது போஸ்டர், பிறகு சீக்கிரம் வாங்குகிறவர்களுக்கான ஏர்லி பேர்டு சலுகை டிக்கெட், வரைபடம் வருவதற்குள் ரயில் டிக்கெட்டும் ரூமும் போட்டு முடித்திருப்போம், அதற்கு மேல் எழுபது மீட்டர் என்று தெரிந்தால் என்ன, எழுநூறு மீட்டர் என்று தெரிந்தால் என்ன. முன்னாலேயே தெரிந்தால் யாருக்கு என்ன வேண்டுமோ வாங்கிக்கொள்வார்கள். எங்கள் கும்பலில் இந்த முறை அப்படித்தான் பேசிவைத்திருக்கிறோம்: வரைபடம் வரும் வரை யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. நாங்கள் சில பேர்தான், உங்கள் கணக்கில் தூசி. ஆனால் கருப்பு டி-ஷர்ட்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், கேசட் காலத்துப் பழக்கம்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜிஏ டிக்கெட்காரன், சென்னை